நிறுத்தச் சொன்ன மாத்திரை

அண்ணாமலை நகர்,
6.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இளமதி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் ஒருமுறை படித்துவிடு. நான் போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாசலுக்கு வந்து நிற்கவும் எனக்குத் தைரியமில்லை. அதனால்தான் தபால்.

நேற்று நம் தெரு சிங்காரம் மேலவீதியில் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்திருந்தார். "என்னம்மா, ஒங்க அண்ணனுக்கு ஹார்ட் அட்டாக் வந்து பாண்டிச்சேரியில ஸ்டென்ட் வெச்சிருக்காங்க, ஒனக்குத் தெரியாதா?" என்றார். பொங்கல் முடிந்த வாரத்தில் பண்ருட்டியில் முந்திரி மூட்டை ஏற்றும்போது லாரிப் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாயாமே. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "தெரியும்" என்று பொய் சொன்னேன்.

தங்கை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மருந்துக்கடைக்காரி சொல்வதாக நினைத்துக்கொள். ஸ்டென்ட் என்பது ரத்தக்குழாயை விரித்துப் பிடிக்கும் சின்னக் கம்பிவலை. ரத்தத்தில் இருக்கும் தட்டணுக்கள் அதன்மேல் ஒட்டிக்கொண்டு கட்டியாகப் பார்க்கும். அப்படி ஒட்டவிடாமல் காப்பதற்குத்தான் உனக்கு ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் கொடுத்திருப்பார்கள். கம்பியின்மேல் உள்தோல் வளர்ந்து மூடவேண்டும். பெரும்பாலும் ஒரு வருடம் இரண்டையும் சேர்த்துப் போடச் சொல்வார்கள். அதுவரை நீயாக ஒரு நாள்கூட நிறுத்தாதே. ஒரு வேளை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதே.

மலம் தார் மாதிரிக் கறுத்துப்போனாலோ, மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. சவரம் செய்யும்போது வெட்டினால் ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், அதற்குப் பயப்படாதே. கை கால் வலி என்று கடையில் கேட்டு டைக்ளோபினாக் மாதிரி வலிமாத்திரை வாங்கிப் போடாதே. இந்த இரண்டோடு அதுவும் சேர்ந்தால் வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசியும்.

உப்பைக் குறைத்துக்கொள். பீடியை இப்போதாவது விட்டாயா? அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் தங்கை,
இளமதி


மேல்பட்டாம்பாக்கம்,
17.2.2025

இளமதிக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி சத்யப்பிரியா படித்துவிட்டு டி.வி. பக்கத்தில் வைத்திருந்தாள். ஒரு வாரம் கழித்து நானும் படித்தேன். பீடியை விட்டாயிற்று.

மாத்திரையைப் பற்றி ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பினார்கள். நீ சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. நாலு வருடத்துக்கு முன்னால் ஒருமுறை நீ சொன்னதைக் கேட்டேன். அம்மாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. வெளிக்குக் கறுப்பாகப் போகிறது என்று உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "ரெண்டு ரத்த மாத்திரையையும் நிறுத்துண்ணா" என்றாய். நிறுத்தினேன். ஆறாம் நாள் காலையில் அம்மா காபி கேட்டாள். சத்யப்பிரியா ஆற்றிக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது.

பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னால் நான் சொன்னதை நீ மறந்திருக்கமாட்டாய். "எங்கம்மாவ சீக்கு கொல்லல. எந் தங்கச்சி படிச்ச படிப்புதான் கொன்னுச்சு." அதை மாற்றிச் சொல்ல எனக்கு இன்றைக்கும் காரணம் கிடைக்கவில்லை.

இப்போது எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையாகிக் கன்னம் வீங்கியிருக்கிறது. பல் டாக்டரிடம் ரத்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். ஐந்து நாள் நிறுத்திவிட்டு வந்தால் பிடுங்கலாம் என்றார். நிறுத்தலாமா என்று உன்னைக் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்வதில் நீ கெட்டிக்காரி என்பதால் தெரியப்படுத்துகிறேன்.

இளவரசு


அண்ணாமலை நகர்,
20.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. உன் மாப்பிள்ளையிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "பைக்க எடுக்கறேன், இப்பவே போயிட்டு வந்துடலாமா?" என்றார். நாங்கள் வந்து நின்றால் அந்தக் கோபத்திலேயே நீ மாத்திரையை நிறுத்திவிடுவாயோ என்று பயந்து, ஸ்பீட் போஸ்டில் இதை அனுப்புகிறேன்.

நிறுத்தாதே அண்ணா. உனக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. அதை அந்தப் பல் டாக்டரிடம் சொன்னாயா? வெறும் ரத்த மாத்திரை என்று மட்டும் சொன்னாயா? பாண்டிச்சேரி இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதே. ஒரு பல்தானே, மாத்திரையை நிறுத்தாமலேயே பிடுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கசிவு நிற்கக் கூடுதல் நேரமாகும், அவ்வளவுதான். வாயில் வரும் ரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தி நிறுத்தலாம், தையல் போட்டும் நிறுத்தலாம். ஸ்டென்டுக்குள் ரத்தம் கட்டிவிட்டால் நீயும் அண்ணியும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

இதையெல்லாம் அன்றைக்கு அம்மாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியவள் நான். "நிறுத்திட்டு, இன்னைக்கே டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போ" என்றேன். கொரோனாவுக்குப் பயந்து நீதான் கூட்டிப்போகவில்லை என்று உன்மேல் பழியைத் தள்ளி மனதைத் தேற்றிக்கொண்ட நாள்களும் உண்டு. ஆனாலும் நிறுத்து என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததுதான். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று டாக்டர்தான் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அந்த உரிமை கிடையாது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உன் மாப்பிள்ளையிடம்கூட நான் சொன்னதில்லை. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதுதான் எங்கள் வேலையில் முதல் கேள்வி. அம்மா விஷயத்தில் அதைக் கேட்டேனா இல்லையா என்று எனக்கு ஞாபகமில்லை. கடையில் அவ்வளவு கூட்டம், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். நாலு வருடமாக யோசித்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது. இப்போதெல்லாம் நான் கவுண்டரில் நிற்பதில்லை. பில் போடுகிறேன், உள்ளே ஸ்டாக் பார்க்கிறேன். யாராவது மருந்தைப் பற்றிக் கேட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கைகாட்டிவிடுகிறேன்.

என்மேல் இருக்கும் கோபத்தை வைத்துக்கொள். மாத்திரையை மட்டும் போடு.

இளமதி


மேல்பட்டாம்பாக்கம்,
5.3.2025

தங்கை இளமதிக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. மாத்திரை ஒரு வேளைகூட நிற்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே சத்யப்பிரியா என்னை இழுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிவிட்டாள். இதய டாக்டர் விஷயத்தைக் கேட்டார். "வீக்கம் இருக்கு, தள்ளிப்போட முடியாது. பல்லு எடுக்கட்டும், மாத்திரை ரெண்டும் ஓடட்டும். நான் லெட்டர் தர்றேன்" என்றார்.

"ரத்தம் நிக்கலன்னா சார்?" என்றேன்.

"நிக்கும். கொஞ்சம் லேட்டா நிக்கும். நீங்க மாத்திரைய நிறுத்திட்டு வந்தீங்கன்னாதான் எனக்குப் பயம்."

அந்தக் கடிதத்தைப் படித்ததும் பல் டாக்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஸ்டென்ட் வெச்சு ஒரு மாசம்தான் ஆவுதுன்னு நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லியே!" என்றார். சொல்லவில்லைதான். அவர் கேட்கவில்லை என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பிடுங்கினார். ஒரு தையல் போட்டார். பஞ்சை மூன்று தடவை மாற்றினார். ஒரு மணி நேரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை என்று உன் அண்ணி சொல்கிறாள்.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். வலிமாத்திரை பற்றி முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அப்போது அந்த வரியைச் சரியாகப் படிக்கவில்லை. பாண்டிச்சேரி டாக்டரும் அதையே சொன்னார். இந்த ரத்த மாத்திரை இரண்டும் சாப்பிடுகிற ஒருவர், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று என்று இரண்டு மாதம் டைக்ளோபினாக் சாப்பிட்டால் என்ன ஆகும்? வயதானவர் என்றால் ஜாஸ்தியாகப் பாதிக்குமா? எனக்கு முதுகுவலி இருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன்.

இளவரசு


அண்ணாமலை நகர்,
9.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பல் விஷயம் படித்து வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல். கடிதத்தை உன் மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். நீ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் படித்தபோது அவர் சிரித்தார்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இரண்டு மாதம் அப்படிச் சாப்பிட்டால் வயிற்றில் புண் வரும். ரத்த மாத்திரையும் உள்ளே போவதால் அந்தப் புண் சுலபத்தில் ஆறாது, கசிந்துகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சாப்பிடுவதே வலிமாத்திரை, அதனால் சிலருக்கு வயிற்றுவலிகூட இருக்காது. களைப்பு வரும், முகம் வெளுக்கும், பிறகு மலம் கறுத்துப் போகும். வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

உனக்கு நாற்பத்தெட்டு வயது. வயதானவர் என்று எழுதியிருக்கிறாய். காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதியிருக்கிறாய். இரண்டு மாதம் என்று கணக்காக எழுதியிருக்கிறாய்.

அண்ணா, இதை யாருக்காகக் கேட்கிறாய் என்று எனக்குப் புரிகிற மாதிரி இருக்கிறது. நான் நினைப்பது தப்பாகவும் இருக்கலாம். உனக்குச் சொல்லத் தோன்றினால் சொல். இல்லையென்றால் இனிமேல் நான் கேட்கமாட்டேன்.

இளமதி


மேல்பட்டாம்பாக்கம்,
16.3.2025

அன்புத் தங்கை மதிக்கு,

நீ நினைத்தது சரிதான். அம்மாவுக்காகத்தான் கேட்டேன்.

நாற்பது வருடம் முந்திரிக்கொட்டை உடைத்த முட்டி அம்மாவுக்கு. குத்துக்காலிட்டு உட்கார்ந்தே தேய்ந்துபோனது. ஸ்டென்ட் வைத்துக் கூட்டிவந்த பிறகு நெஞ்சு நன்றாக இருந்தது. கால்தான் எழவிடவில்லை. பாத்ரூமுக்குத் தவழ்ந்து போனாள் மதி. பார்க்க முடியவில்லை. பண்ருட்டியில் லோடு இறக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் முட்டிவலி என்று கேட்டேன், டைக்ளோபினாக் கொடுத்தார்கள். யாருக்கு என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நாலே நாளில் அம்மா எழுந்து நடந்து வாசல் வரைக்கும் போய்விட்டாள். "இந்த மாத்திரதான்டா எனக்குக் காலு குடுத்துச்சு" என்றாள். அப்புறம் தீரத்தீர வாங்கிவந்து கொடுத்தேன். "மதிகிட்ட சொல்லாதடா, டாக்டரு சீட்டு இல்லாம வாங்கனதுக்குத் திட்டுவா" என்று அம்மாதான் சொன்னாள்.

உனக்கு ஞாபகமில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? எனக்கு ஞாபகமிருக்கிறது. நீ கேட்டாய் மதி.

"வேற ஏதாச்சும் மாத்திர குடுக்கறியாண்ணா?" என்று கேட்டாய். எதிரே கட்டிலில் அம்மா, சொல்லாதே என்று தலையை ஆட்டினாள். "இல்ல" என்றேன். உன் பக்கத்தில் யாரோ சில்லறை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டாய். "நல்லா யோசிச்சு சொல்லு. முட்டிவலிக்கு ஏதாச்சும்?" என்றாய். அதற்கும் "இல்லவே இல்ல" என்றேன்.

அந்தப் பொய்யை நான் மறந்ததில்லை. ஆனால் அது பெரிய பொய் என்று எனக்குத் தெரியாது. வலிமாத்திரைதானே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று இருந்துவிட்டேன். சென்ற மாதம்தான் தெரிந்தது. டாக்டர் ரூமில் அவர் அதைச் சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. நெஞ்சுவலியோ என்று சத்யப்பிரியா பயந்துபோனாள்.

அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போகச் சொன்னாய். லோடு இருக்கிறது, கொரோனா இருக்கிறது என்று ஐந்து நாள் தள்ளினேன். அதுவும் நான்தான்.

ஏப்ரல் மூன்றாம் தேதி வியாழக்கிழமை அம்மாவுக்குத் திதி. நீயும் மாப்பிள்ளையும் வாருங்கள்.

அண்ணன்,
இளவரசு


அண்ணாமலை நகர்,
23.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாலு நாளாக எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் சமையலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுதேன். கேட்டிருக்கிறேன், ஒருமுறைக்கு இரண்டு முறை கேட்டிருக்கிறேன் என்ற நிம்மதியில் வந்த அழுகை. கொஞ்ச நேரத்தில் கோபம் வந்தது. அந்த ஒரு வரியை நீ நாலு வருடத்துக்கு முன்னால் சொல்லியிருக்கலாமே அண்ணா. என்மேல் அவ்வளவு பெரிய பழியைப் போட்டபோதுகூட, இவள் கேட்டாள், நான் இல்லை என்றேன் என்று உனக்குச் சொல்லத் தோன்றவில்லையா? அம்மா தவழ்ந்தாள் என்று படிக்கும்போது உன்மேல் கோபப்படவும் முடியவில்லை. தாங்கமாட்டாமல்தான் வாங்கிக் கொடுத்தாய். திட்டுவாள் என்று அம்மா சொன்னது உண்மைதான், திட்டித்தான் இருப்பேன். திட்டிவிட்டு டாக்டரிடம் கேட்டு வேறு வழி பார்த்திருப்பேன்.

இதனால் என் தப்பு இல்லாமல் போகவில்லை. ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதமான ஒருவருக்கு இரண்டையும் சேர்த்து நிறுத்தச் சொன்னது தப்பு. நீ பொய்யே சொல்லாமல் இருந்திருந்தாலும் அது தப்புதான். என் பங்கை நான் வைத்துக்கொள்கிறேன். உன் பங்கை நீ எடுத்துக்கொண்டாய். அது போதும்.

ஆனால் திதிக்கு நான் வரமாட்டேன். வருத்தப்படாதே. நீ எனக்கு எழுதியதை அங்கே யாரும் படிக்கவில்லை. அவர்களைப் பொறுத்தவரை நான் அம்மாவைக் கொன்றவள். அண்ணன் பெரிய மனதோடு மன்னித்துக் கூப்பிட்டான், இவள் வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். அந்தப் பந்தியில் என்னால் ஒரு வாய் சாப்பிட முடியாது.

மாத்திரையைத் தவறாமல் போடு. முதுகுவலி உனக்கு இல்லை என்று நினைக்கிறேன். இருந்தால் டாக்டரிடம் சொல்.

உன் தங்கை,
இளமதி


மேல்பட்டாம்பாக்கம்,
4.4.2025

அன்புத் தங்கை மதிக்கு,

நேற்று திதி நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

படையல் போட்டு, கற்பூரம் ஏற்றப்போகும்போது, "ஒரு நிமிஷம், ஒன்னு சொல்லணும்" என்றேன். பங்காளிகள், ராஜாமணி அத்தை, சிங்காரம், தெருக்காரர்கள் எல்லாரும் இருந்தார்கள். சத்யப்பிரியா பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

வலிமாத்திரை வாங்கிக் கொடுத்ததைச் சொன்னேன். நீ இரண்டு தடவை கேட்டதையும் நான் இல்லை என்று பொய் சொன்னதையும் சொன்னேன். ஐந்து நாள் தள்ளிப்போட்டதையும் விடவில்லை. இரண்டையும் நிறுத்தச் சொன்னது உன் தப்பு என்று நீ எழுதியதை மறைத்தால் உனக்குப் பிடிக்காது என்று அதையும் சொன்னேன். "எந் தங்கச்சி கொன்னான்னு இங்கதான் சொன்னேன். அது பொய்யி. அதான் இங்கயே சொல்றேன்" என்றேன்.

"நாலு வருசம் கழிச்சு, படையல வெச்சுக்கிட்டு இதெல்லாம் எதுக்குடா?" என்றார் ராஜாமணி அத்தை. காரியத்தன்று உன் முகத்துக்கு நேராகக் கையை நீட்டிப் பேசியது அவர்தானே. "அந்தப் பொண்ணு அன்னிக்குச் சாப்புடாம எழுந்து போச்சுடா" என்றும் அவரேதான் சொன்னார். கற்பூரம் ஏற்றினேன்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அத்தை மட்டும் போகவில்லை. சுருக்குப்பையைத் திறந்து மாத்திரை அட்டைகளைப் பாயில் கொட்டினார். "எனக்கும் ரத்த மாத்திர குடுத்துருக்காங்கடா. முட்டிக்கு இத நானா வாங்கிப் போடறேன். ரெண்டு நாளா தல சுத்துது. எத நிறுத்தட்டும்?" என்றார்.

எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், காலையில் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். "ஒனக்கு என்னடா தெரியும்? மதி நம்பரக் குடு" என்றார். கொடுத்தேன். கோபித்துக்கொள்ளாதே.

இன்று காலை அத்தையைக் கடலூருக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் குறைந்திருக்கிறது, வயிற்றை டியூப் விட்டுப் பார்க்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். வலிமாத்திரையை நிறுத்திவிட்டார். ரத்த மாத்திரையை என்ன செய்வது என்று அவரே பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அம்மாவை இப்படி ஒருநாள் கொண்டுவந்து உட்காரவைத்திருக்கலாம்.

பதிமூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நானும் சத்யப்பிரியாவும் கடலூரில் பஸ் மாறிச் சிதம்பரம் வருகிறோம். உனக்கு இஷ்டமில்லை என்றால் பதில் எழுதிக் கஷ்டப்பட வேண்டாம். அன்றைக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போய்விடு. பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். நான் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டேன்.

அண்ணன்,
இளவரசு


அண்ணாமலை நகர்,
8.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ராஜாமணி அத்தை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தே நேற்றுப் போன் செய்தார். அரை மணி நேரம் விடவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்ததை நர்ஸை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. "இது தவிர வேற ஏதாச்சும் போடறீங்களா அத்த?" என்று இரண்டு தடவை கேட்டேன். பையில் ஒரு சூரணம் இருக்கிறதாம். அதையும் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில்தான் இருப்போம். மறுநாள் சித்திரை வருஷப்பிறப்பு, அன்றே திரும்ப விடமாட்டேன். இரண்டு நாளைக்கு வேண்டிய மாத்திரையை எடுத்துக்கொண்டு வா.

உன்,
மதி